தூசி புகாத அறை

பலாக்கானூரில் அரசுக் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்தபோது, ஊரார் அது ஆஸ்பத்திரி என்றுதான் நினைத்தார்கள். தப்பு அவர்கள் மேல்தான். பல வருஷங்களாக ஆஸ்பத்திரி கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், கேட்டதுதான் வரும் என்று எண்ணிக்கொண்டுவிட்டார்கள். சுவர் எழும்பியது. வெள்ளை ஓடு பதித்தார்கள். பெரிய பெரிய ஏசி பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. மாதம்மாள் சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே அதையெல்லாம் பார்த்தாள். "நம்மாளுங்களுக்கு ஒயுங்காத்தான் கட்றாங்க" என்று பக்கத்துக் கொல்லைக்காரியிடம் சொன்னாள்.

பலகை மாட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "தொழிலாளர் வாய்மொழி வரலாற்றுப் பாதுகாப்பு மையம். மலைமூச்சுத் திட்டம்" என்று அதில் எழுதியிருந்தது.

பாதுகாக்கப்பட வேண்டிய தொழிலாளர்கள் அந்த ஊரில் தாராளமாக இருந்தார்கள். அமிர்திப் பக்கம் மலையடிவாரத்தில் முன்பு ஒரு கல்மாவு மில் ஓடியது. வெள்ளைக்கல்லை உடைத்து, அரைத்து, மாவாக்கி மூட்டை கட்டி அனுப்புவார்கள். அது கண்ணாடி ஆகும், கக்கூஸ் பீங்கான் ஆகும் என்று கேள்வி. ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். திங்கட்கிழமை லாரியில் இறங்குவார்கள், சனிக்கிழமை தலை முதல் கால்வரை வெள்ளையாக ஏறி வருவார்கள். மில் மூடிய பிறகு மாவு தலையிலிருந்து போய்விட்டது, நெஞ்சிலிருந்து போகவில்லை. ஒருவர் பின் ஒருவராக இருமினார்கள், மெலிந்தார்கள், படுத்தால் மூச்சு வரவில்லை என்று உட்கார்ந்தபடியே தூங்கினார்கள், உட்கார்ந்தபடியே செத்தார்கள்.

மாதம்மாளின் புருஷன் சக்கரவர்த்தி இன்னும் இருந்தான். கொரோனா காலத்தில் அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, அப்புறம் மூலையில் கிடந்த ஆக்சிஜன் மிஷின் ஒன்றை அங்கிருந்த நர்ஸ் இரக்கப்பட்டு அவனுக்குக் கொடுத்திருந்தாள். மிஷின் ஓடினால் அவனும் ஓடுவான்.

திறப்பு விழாவில் மையத்தின் இயக்குநர் முனைவர் பார்த்திபன் பேசினார். மில் தொழிலாளர்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தில் விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்? என்றோ அணைந்துபோன நட்சத்திரத்தின் ஒளியை இன்றும் பார்க்கிறார்கள். நட்சத்திரம் அணைந்துவிட்டதே என்று அழுகிறார்களா? இல்லை. நாமும் அழப்போவதில்லை. முன்வரிசையில் இருக்கும் இந்தப் பெரியவர்கள் அணைந்துபோகலாம். ஆனால் அவர்கள் குரல் இருநூறு ஆண்டுகள் இருக்கும்!"

முன்வரிசை கைதட்டியது. கைதட்டியதில் இரைப்பு வந்து எல்லோரும் இருமத் தொடங்க, விழா கொஞ்ச நேரம் நின்றுபோனது. இயக்குநர் பெருந்தன்மையோடு காத்திருந்தார்.

பிறகு குரல்களை வைக்கும் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே இரும்பு அடுக்குகளில் கருப்புப் பெட்டிகள் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தன. "தூசி புகாத அறை. வெளிக்காற்று மூன்று சல்லடைகளைத் தாண்டித்தான் உள்ளே வரும்" என்றார்.

மையத்துக்குக் காவலாளியாக எடுக்கப்பட்டிருந்த துரைக்கண்ணுவும் பழைய மில் ஆள்தான். சக்கரவர்த்தியோடு ஒரே லாரியில் போய் வந்தவன். அவன் வாசலில் நின்றபடி கேட்டான், "தூசி அவ்ளோ கெடுதலா சார்?"

"மிகவும் கெடுதல். இவையெல்லாம் நுண்ணிய கருவிகள். கொஞ்சம் தூசி போனாலும் தாங்காது."

துரைக்கண்ணு தலையாட்டிக்கொண்டான்.

முதல் பதிவுக்கே சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். பதிவு செய்யும் பெண் நதியா, திருப்பத்தூர்க்காரி. அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஆக்சிஜன் மிஷின் சத்தம் பின்னாடி வருது" என்றாள்.

"நிறுத்திவிடுங்கள். தொழிலாளியின் குரலுக்கு முன்னால் வேறு எந்தச் சத்தமும் எழக் கூடாது. அது நம் கொள்கை" என்றார் இயக்குநர்.

நிறுத்தினார்கள். சக்கரவர்த்தி பேசினான். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"மில்லுல... ஒரு பெரிய ஃபேனு இருந்துச்சுங்க. தூசிய வெளிய தள்றதுக்கு. அத போட மாட்டாங்க. போட்டா மாவும்... கூடவே போய்டுமாம். ஒரு நாளு இன்ஸ்பெக்டரு வந்தாரு. அன்னிக்குப் போட்டாங்க. அன்னிக்கித்தாங்க... எதுர் மிஷின்ல நிக்கிற ஆளு... மூஞ்சிய நான் பாத்தேன். அத்தினி நாளு கூட வேல பாத்திருக்கேன்... சின்னப் பையன். மீசகூட மொளைக்கல."

அதற்கு மேல் முடியவில்லை. மாதம்மாள் ஓடிப்போய் மிஷினைப் போட்டாள்.

இயக்குநர் நெகிழ்ந்துபோயிருந்தார். "அற்புதம்! மில்லில் மின்விசிறி இருந்திருக்கிறது. சக தொழிலாளியின் முகத்தைப் பார்த்து மகிழும் சூழல் இருந்திருக்கிறது. அரசு அதிகாரி நேரில் வந்திருக்கிறார். நாம் தேடிக்கொண்டிருந்த ஆக்கபூர்வமான நினைவு இதுதான்."

நதியாவுக்கு இருமலையும் இடைவெளிகளையும் வெட்டி எடுக்கும் வேலை கொடுக்கப்பட்டது. வெட்டிய பிறகு சக்கரவர்த்தியின் வாழ்க்கை ஒரு விளம்பரம் ஓடும் நேரத்துக்குச் சுருங்கியது. அதன் பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்தார்கள்.

இதுவரை நடந்ததில் மாதம்மாளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. பேசச் சொன்னார்கள், பேசினான், முடிந்தது. அதற்குப் பிறகுதான் வினை வந்தது. ஊருக்கு இருப்பது ஒரே டிரான்ஸ்பார்மர். தூசி புகாத அறையின் ஏசிகள் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் வீடுகளில் பல்புகள் மஞ்சளாய் மங்கின. ஆக்சிஜன் மிஷின் குறைந்த கரண்டைத் தாங்காது. கீ கீ என்று கத்திவிட்டு நின்றுபோகும். அது நின்றால் சக்கரவர்த்தியின் உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆகும்.

மாதம்மாள் மையத்துக்குப் போனாள்.

"சார், பகல்ல கொஞ்ச நேரம் ஏசிய நிறுத்திக்கினா எங்க வூட்டு மிஷினு ஓடும் சார்."

"நிறுத்தினால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் உங்கள் வீட்டுக்காரர் குரல் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?"

"குரல் இன்னா சார், ஆளே போய்டுவாரு போல கீது."

"அதனால்தான் குரலை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்."

கட்டடத்தின் பின்னால் புத்தம் புது ஜெனரேட்டர் நின்றதை மாதம்மாள் பார்த்திருந்தாள். "அத ஓட்டிக்கினு, லைன் கரண்ட்ட எங்களுக்கு உடலாமே சார்?"

"ஜெனரேட்டர் மின்சாரம் இல்லாதபோது ஓட்டுவதற்கு. உங்களுக்குத்தான் மின்சாரம் இல்லை. எங்களுக்கு இருக்கிறதே" என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார்.

மாதம்மாளுக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு நல்ல யோசனை ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்போ அவர இட்டாந்து அந்த ரூமு ஓரமா படுக்க வெச்சிர்றேன் சார். அங்க கரண்ட்டும் கீது, தூசியும் இல்ல. ஒரு பாய் போட எடம் இருந்தா போதும்."

இயக்குநர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "அம்மா, மனிதர்கள் மூச்சு விடுவார்கள். மூச்சில் ஈரம் இருக்கிறது. ஈரம் பட்டால் பெட்டிகள் கெட்டுப்போகும்."

"அவுரு ரொம்ப உட மாட்டாரு சார்" என்றாள் மாதம்மாள். "கொஞ்சந்தான் உடுவாரு."

கொஞ்சமும் கூடாது என்று சொல்லிவிட்டு இயக்குநர் சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்குப் புறப்பட்டார். தலைப்பு "தொழிலாளருக்கு நெருக்கமாக இருத்தல்."

அவர் ஜீப் வளைவில் மறைந்ததும் மாதம்மாள் துரைக்கண்ணுவிடம் போனாள். "அண்ணா, காலைலேர்ந்து மிஷினு நாலு தபா நின்னு போச்சு" என்றாள். துரைக்கண்ணு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் வேலை போகும். போனால் சாப்பாடு இல்லை. கொத்திலிருந்து அறைச் சாவியைப் பிரித்து எடுத்து, "அவன இட்டா" என்றான்.

சக்கரவர்த்தியையும் மிஷினையும் கொண்டுபோய் அடுக்குகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார வைத்தார்கள். மிஷின் ஒருமுறைகூடக் கத்தவில்லை. சாயங்காலத்துக்குள் அவன் உதட்டில் பழைய நிறம் திரும்பியது. உட்கார்ந்தே தூங்கிப் பழகியவன் மெல்ல மெல்லச் சரிந்து, மல்லாந்து படுத்தான். மாதம்மாள் பயந்துபோய் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தான்.

விழித்ததும் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு, "டேய் தொர, இன்னிக்கு நான் படுத்து தூங்கினேன்டா, கனா கூட வந்துச்சு" என்றான். மூச்சு வாங்காமல் ஒரே பேச்சாகச் சொன்னதை உணர்ந்து மூவரும் சிரித்தார்கள். அந்த அறையில் எழுந்த சிரிப்பு அது ஒன்றுதான். அது பதிவாகவில்லை.

இயக்குநர் சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்தார். தனியாக வரவில்லை. மையத்தைப் பார்வையிட உயர்மட்டக் குழு ஒன்றை அழைத்து வந்தார். எல்லோரும் காலில் உறை மாட்டி, தலையில் குல்லா போட்டு, முகத்தில் துணி கட்டி உள்ளே நுழைந்தார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஒரு மனிதன் படுத்திருந்தான்.

குழுத் தலைவி நின்றுவிட்டார். "இது என்ன?"

இயக்குநர் வாயைத் திறந்தார். பெரிய பதவிக்கு வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் வரவேண்டியது வந்துவிடும். "இதுதான் எங்கள் புதிய முயற்சி" என்றார். "உயிருள்ள ஆவணம்."

குழுவுக்கு மெய் சிலிர்த்தது. "குரலை வைத்திருக்கும் மையங்கள் பல உண்டு. குரல் புறப்படும் இடத்தையே எடுத்து வைத்திருப்பது இங்கேதான்" என்றார் தலைவி. குனிந்து, "எப்படி இருக்கிறீர்கள் பெரியவரே?" என்று கேட்டார்.

"இங்க மூச்சு வருதுங்க" என்றான் சக்கரவர்த்தி.

"கேட்டீர்களா? மலைமூச்சு!" என்று இயக்குநர் பரவசப்பட, குழு புகைப்படம் எடுத்துக்கொண்டது.

அன்றே சக்கரவர்த்தியின் மணிக்கட்டில் எண் எழுதிய அட்டை கட்டினார்கள். இனி அவன் மையத்தின் உடைமை. மாதம்மாளுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

உடைமைகளுக்கு உரிய விதிகள் அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தன. அறை மார்கழிக் குளிரைவிடக் குளிராகத்தான் இருக்க வேண்டும். கம்பளியில் நூல் உதிரும், ஆகவே கம்பளி கூடாது. சோறு எறும்பைக் கூட்டி வரும், ஆகவே சோறு கூடாது. அவனை வெளியே எடுத்துச் சாப்பிட வைத்துத் திரும்ப உள்ளே வைக்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூவரில் ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் ஒரு நாள் முழுக்க அவன் பட்டினி கிடந்தான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாதம்மாளுக்கும் கண்ணாடிதான். சத்தம் புகாத கண்ணாடி. உள்ளே அவன் வாய் அசையும். என்ன சொல்கிறான் என்று இவளுக்குக் கேட்காது.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நதியா வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "சீக்கிரம் பேசிடுங்கம்மா" என்றாள்.

சக்கரவர்த்தியின் கை கால்கள் ஐஸாக இருந்தன. மாதம்மாள் தன் முந்தானையை அவன் மேல் போர்த்தினாள்.

"குளுருதுடி" என்றான்.

"மூச்சு வருதில்ல?"

"வருது. எதுக்கு வருதுன்னுதான் தெரில."

அவள் அவன் உள்ளங்கையைத் தேய்த்தாள்.

"வூட்டுக்கு இட்டுகினு போ."

"அங்க மிஷினு கத்தும்யா."

"கத்தட்டும். நீயும் கூட கத்து. இங்க யாருமே கத்தல, அதான் தாங்க முடில."

மாதம்மாள் இயக்குநரிடம் கேட்டாள். உடைமை ஒன்றை வெளியே கொடுப்பதானால் நீக்கல் குழு கூட வேண்டும், அது வருஷத்துக்கு ஒருமுறை கூடும், இந்த வருஷம் கூடி முடிந்துவிட்டது என்று அவர் சொன்னார். "கவலைப்படாதீர்கள். இவ்வளவு பாதுகாப்பாக உங்கள் வீட்டில் வைத்திருக்க முடியுமா?"

முடியாது என்று அவளுக்கும் தெரியும். இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டே கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். உள்ளே விட்டால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பான். வெளியே கொண்டுவந்தால் இருக்க மாட்டான். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், கேட்க வேண்டியவன் சொல்லிவிட்டானே என்று தோன்றியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளும் துரைக்கண்ணுவும் வெளுத்த புடவை ஒன்றை மூங்கிலில் தூளியாகக் கட்டி, மிஷினையும் காலடியில் வைத்து அவனைத் தூக்கி வந்தார்கள். துரைக்கண்ணு நாலடிக்கொருமுறை நின்று மூச்சு வாங்கினான். "நான் எறங்கிக்கிறேன், நீ ஏறிக்கோடா" என்றான் தூளியில் இருந்தவன்.

வாசலில் வெயில் இருந்தது. சாமைக் கஞ்சி குடித்தான். களை பிடுங்கி முடித்தாயா என்று கேட்டான். முடிக்கவில்லை என்றதற்குத் திட்டினான். மிஷின் கத்தியது. நின்றது. திரும்ப ஓடியது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் உச்சிப்பொழுதில் அது நின்றபோது, மாதம்மாள் முறத்தை எடுத்து விசிறினாள். கை வலித்ததும் மாற்றிக்கொண்டு விசிறினாள். அவன் அவள் தோளில் சாய்ந்திருந்தான். கரண்ட் திரும்பி வந்து மிஷின் தானாக ஓடத் தொடங்கியபோது, மூக்கில் மாட்டிய குழாயில் வந்த காற்று அவனுக்குத் தேவையாக இல்லை.

மையம் இரண்டு காரியங்களைச் செய்தது. உடைமை காணாமல் போனது பற்றிப் புகார் கொடுத்தது. துரைக்கண்ணுவை வேலையிலிருந்து நீக்கியது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் பாடையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். புகாரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிப் போனார்.

சாவுக்கு வந்த மில் ஆட்கள் மாதம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அழுது முடிந்த பிறகு அவர்களில் ஒருவன் தயங்கித் தயங்கித் துரைக்கண்ணுவைக் கேட்டான். "அந்த ரூமுல மூச்சு வந்துச்சாமே. நெசமா?"

"நெசந்தான். மல்லாந்து படுத்துத் தூங்கினான்."

"மல்லாந்தா?"

"கனா கூட வந்துச்சாம்."

குளிரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மையத்தில் இரங்கல் கூட்டம். இயக்குநர் அறையின் சன்னல் வழியாகப் பார்த்தபோது, பதிவுக்கு இதுவரை கூப்பிட்டும் வராத மில் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்கள். சிலரை மனைவிமார் முதுகில் சுமந்து வந்தார்கள். முன்னால் மாதம்மாள் துரைக்கண்ணுவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. "பாருங்கள் நதியா! ஒரு மரணம் இவர்களை விழிக்க வைத்துவிட்டது. தங்கள் வரலாற்றைச் சொல்ல மக்கள் தாமாகத் திரண்டு வந்திருக்கிறார்கள். மைக்கைப் போடுங்கள். ஒருவரையும் விடக் கூடாது!"

மாதம்மாளைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். "உங்கள் கணவரைப் பற்றி மனம் திறந்து சொல்லுங்கள்" என்றார் இயக்குநர்.

மாதம்மாள் மைக்கைப் பார்த்தாள். "அவுரு படுத்திருந்த எடம் காலியாத்தான் கீது சார். தொரக்கண்ணு அண்ணன் நேத்துலேர்ந்து ஒக்காந்துகினே கீறாரு. அவர படுக்க உடுங்க."

அடுத்து வந்தவன் வாயைத் திறந்து மூடி, திறந்து, "உள்ள படுக்க எடம் கீதா?" என்று கேட்டான். அதற்கடுத்தவனும் அதையே கேட்டான். ஒருவனுக்குக் கேட்கவும் மூச்சில்லை. அவன் மனைவி அவனுக்காகக் கேட்டாள். நதியா ஒன்றையும் நிறுத்தாமல், இருமலோடு எல்லாவற்றையும் பதிவு செய்தாள். முடிந்தவர்கள் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

சாயங்காலம் இயக்குநர் பதிவுகளைப் போட்டுக் கேட்டார். முகம் வாடிப்போனது. "எல்லோரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். கூறியது கூறல். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்."

"சார், அவங்க ஏதோ கேட்டிருக்காங்களே. என்ன பதில் சொல்றது?" என்றாள் நதியா.

"பதிலா?" இயக்குநர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்கள் இந்தத் துறைக்குப் புதியவர். வரலாற்றைப் பாதுகாப்பதுதான் நம் வேலை. அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்."

நதியா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். படிகளில் அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கண்ணு சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா கண்ணு சொன்னாரு? எடம் கீதாமா?"